மஞ்சாடி மரத்தின் ஆறாம் பருவம்

நவம்பர் 22. என் மனைவி கொடைக்கானலில், எங்கள் வீட்டில், காலையில் காலமானாள். வானம் வெளுத்திருந்தது. மழை இல்லை.

டிசம்பர் 7. காரியங்கள் பழனியில் முடிந்தன.

ஜனவரி இறுதி. பாச்சலூருக்குக் கீழே உள்ள ஓடை வற்றிவிட்டதாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது.

பிப்ரவரி 19. மரத்தில் காய்கள் வெடிக்கத் தொடங்கியதாகச் செய்தி வந்தது. குடும்ப ஆவணங்கள் தொடர்பாகத் திண்டுக்கல்லில் இருந்தேன். விதைகளை எடுத்து வைக்கும்படி சொன்னேன்.

மார்ச் 8. விதைகள் ஒரு துணிப்பையில் வந்து சேர்ந்தன.

மார்ச் 10 முதல் 15 வரை. எடை போட்டேன்.

மார்ச் 16. வரைபடம் வரைந்தேன்.

மார்ச் 18. பாச்சலூர் சென்றேன்.

*

பாச்சலூரிலிருந்து மலைப்பாதை சமவெளியை நோக்கி இறங்கும்போது, காப்பித் தோட்டங்கள் முடிந்து எலுமிச்சையும் இலவமும் தொடங்குகிற சரிவு ஒன்று உண்டு. அங்கே ஓர் எலுமிச்சைத் தோட்டத்தின் கல்வேலியை ஒட்டி ஒரு மஞ்சாடி மரம் நிற்கிறது. ஆனைக்குன்றிமணி என்றும் அதைச் சொல்வார்கள். கோடை நெருங்கும்போது அதன் நீண்ட காய்கள் பழுப்பேறி, திருகிக்கொண்டு வெடிக்கும். உள்ளே மெருகு ஏற்றியதுபோன்ற சிவப்பில், இருபுறமும் புடைத்த வட்ட விதைகள் இருக்கும். ஒரு விதை கால் கிராமுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ நிற்கும். அந்தக் ‘கூடவோ குறையவோ’ என்பதைத்தான் என் மனைவி ஐந்து பருவங்களாக அளந்துவந்தாள்.

அவள் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவள். நான் புள்ளியியல் கற்பித்தவன். ஓய்வுபெற்றதும் மதுரையின் வெயிலை விட்டுக் கொடைக்கானலுக்கு வந்தோம். மலையேறிய பிறகு பெரும்பாலானோர் தோட்டம் போடுவார்கள். அவள் ஒரு துல்லியத் தராசு வாங்கினாள்.

பல மரங்களிலிருந்து விதை சேர்த்து, மரத்துக்கு மரம் உள்ள வேறுபாட்டை அளப்பது வழக்கமான முறை. அவளுக்கு அதில் ஆர்வம் இல்லை. ஒரே மரம், ஒரே மண், ஒரே மழை. இவை மாறாதபோது ஒரு விதைக்கும் அதன் பக்கத்து விதைக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதே அவள் கேள்வி. அதிலிருந்து இரண்டாவது கேள்வி பிறந்தது: மழை பொய்த்த ஆண்டில் அந்த வேறுபாடு விரியுமா, சுருங்குமா? முதல் ஐந்து பருவங்களிலும் மழை போதுமான அளவு பெய்தது. ஊருக்கு நல்லதாக இருந்த ஒன்று அவள் ஆராய்ச்சிக்குப் பயன்படவில்லை. இதைச் சொல்லி அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு, விவசாயிகள் யாரும் கேட்கவில்லையே என்று பார்ப்பாள்.

அக்டோபரில் அவள் படுக்கையிலிருந்தபடி சன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நவம்பர் நடுவில் ஒரு நாள் சொன்னாள்: “மழை இல்லை. இந்த வருஷத்து விதையை மட்டும் விட்டுடாதீங்க.” சரி என்றேன். அவளுடைய கேள்விக்கு விடை சொல்லக்கூடிய பருவம் அது ஒன்றே என்பது இருவருக்கும் தெரியும். அடுத்த வறட்சி எப்போது வரும், அப்போது அந்த மரம் இருக்குமா, நான் இருப்பேனா என்பதெல்லாம் கணக்கில் கொள்ளக்கூடியவை அல்ல.

*

இந்த மரத்தை அவள் தேர்ந்ததற்கு ஒரு முன்கதை உண்டு. அவளுடைய தந்தை பழனி அடிவாரத்தில் பொற்கொல்லர். அவர் காலத்திலேயே உலோக எடைக்கற்கள் வழக்கத்துக்கு வந்துவிட்டன என்றாலும், பழைய பழக்கத்தால் ஒரு செம்புப் பெட்டியில் மஞ்சாடி விதைகளை வைத்திருந்தார். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்று பொன்னுக்குக் கணக்கு இருந்த காலத்தின் மிச்சம் அது. மஞ்சாடி விதைகள் எல்லாம் ஒரே எடை என்று ஊரே நம்பியது. சிறுமியாக இருந்த அவள், கோயில் பிராகாரத்தில் கிடைத்த விதைகளைக் கைநிறையக் கொண்டுவந்து தந்தையின் தராசில் பெட்டி விதைகளுக்கு எதிரே வைத்துப் பார்த்தாள். ஒன்று தாழ்ந்தது, ஒன்று எழுந்தது, சில மட்டுமே நிலைத்தன.

“எல்லாம் ஒரே எடைன்னு சொன்னீங்களே, அப்பா?”

“ஒரே எடையா இருக்கறதத்தானம்மா பொட்டியில வச்சிருக்கேன்” என்றாராம் அவர், ஊதுகுழலைக் கீழே வைக்காமல்.

இந்தக் கதையை அவள் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அதன் கடைசியில் ஒரு வாக்கியத்தைச் சேர்ப்பாள்: “பொட்டியில இருக்கறது மரம் இல்லை.” அவளுடைய ஆராய்ச்சி முறை முழுவதும் அந்த வாக்கியத்திலிருந்து வந்தது.

முறை எளியது. காய் வெடிக்கத் தொடங்கும் நாட்களில் மரத்தடியைச் சுத்தமாகப் பெருக்கிப் படுதா விரிக்க வேண்டும். படுதாவில் விழுந்தது அனைத்தையும் சேர்க்க வேண்டும். முழுமையானது, சூம்பியது, வெளிறியது, பூச்சி துளைத்தது என்ற பாகுபாடு கூடாது. சேர்ந்ததையெல்லாம் ஓர் அண்டாவில் கொட்டி நன்றாகக் கலக்கி, அவள் கண்களை மூடிக்கொண்டு ஒரு பித்தளை டம்ளரை உள்ளே விட்டு மொண்டு எடுப்பாள். டம்ளரில் வந்தவை அந்த ஆண்டின் விதைகள். மற்றவற்றை மரத்தடியிலேயே கொட்டிவிடுவோம். டம்ளரும் கண் மூடுவதும் சடங்குபோலத் தோன்றினாலும், புள்ளியியல் கற்பித்தவன் என்ற முறையில் அவற்றில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பதியர் கல்வேலிக்கு உட்புறம் ஓட்டு வீட்டில் இருக்கிறார்கள். அந்தப் பெண்மணிக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு இந்த மலைக்கு வந்தவர்கள். அவர் இங்கே பிறந்தவர்; தேயிலைச் செடியை அருகில் நின்று பார்த்ததுகூட இல்லை என்பார். ஆனால் தொழிலாளர் வீட்டு வரிசையைக் குறிக்கும் லயம், காலை ஆளெடுப்பைக் குறிக்கும் பெரட்டு, மேற்பார்வையாளரைக் குறிக்கும் கங்காணி என்ற சொற்களெல்லாம் தாயின் வாயிலிருந்து அப்படியே அவர் பேச்சில் தங்கிவிட்டன. படுதாவைச் சுற்றி அவரும் என் மனைவியும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசியவை எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

“ஏம்மா, இந்தச் சூம்பிப் போனதையுமா எடுக்கணும்?”

“மரம் போட்டது எல்லாம் வேணும்.”

“இது மரம் போட்டதில்லம்மா, மரம் துப்பினது.”

“துப்பினதும் வேணும்.”

“எங்க ஆத்தா மட்டும் இருந்துருக்கணும். கூடையில ஒரு முத்தின எல கெடந்தாலே கங்காணி அரப்பேரு போட்டுருவாராம். நாள் முச்சூடும் முதுகு ஒடிஞ்சாலும் அரநாக் கூலிதான். அந்தக் கையிக்குப் பொறந்த கையி இது. சொத்தைய எடுன்னா கூசுது.”

“நல்ல வேளை, நான் உன் கங்காணி இல்லை.”

“நீங்க கங்காணியா இருந்துருந்தா வெள்ளக்காரன் தேயிலைக்குப் பதிலா சருகைத்தான் குடிச்சிருப்பான்.”

என் மனைவி இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தப் பெண்மணி கூச்சத்தோடு, ஆனால் ஒன்றையும் தள்ளாமல், சூம்பல்களை அள்ளி அண்டாவில் போட்டார். ஐந்து ஆண்டுகளும் அப்படியே செய்தார்.

*

எடை போடுவதற்கு ஏற்ற நேரம் கொடைக்கானலில் காலை. காற்று எழும்பும் முன்பே முடித்தால் தராசின் எண்கள் அலையாது. சமையலறைக் கருங்கல் மேடையின் மூலையில் தராசு. பக்கத்தில் முட்டை அட்டைகள். குழிக்கு ஒரு விதை. அவள் இடுக்கியால் விதையை எடுத்து வைத்து, கண்ணாடிக் கதவை மூடி, எண் நிற்கும்வரை காத்திருந்து வாய்விட்டுப் படிப்பாள். நான் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கணினியில் ஏற்றுவேன். நான் தவறாகத் திருப்பினால் இடுக்கியால் மேடையை ஒருமுறை தட்டுவாள். வார்த்தை சொல்ல மாட்டாள்.

இந்த மார்ச்சில் அந்த இரண்டு வேலைகளையும் நானே செய்தேன். செய்ய முடியாதது ஒன்றும் இல்லை; சற்று நேரம் கூடுதலாகிறது. முதல் நாள், எண்ணைப் படித்துவிட்டு நிறுத்தினேன். எதற்காக நிறுத்தினேன் என்பது பிறகு புரிந்தது. மறுநாளிலிருந்து படிக்காமல் நேராக ஏற்றினேன். அதில் இரண்டு பிழைகள் நேர்ந்ததைக் கண்டதும் மறுபடியும் படிக்கத் தொடங்கினேன்.

அண்டாவில் கலக்குவதற்கான அளவுக்கு விதைகள் இல்லை. வந்ததே ஒரு பைதான். ஆனாலும் டம்ளரை விட்டு மொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

வேலை எதிர்பார்த்ததைவிட விரைவாக நடந்தது. முந்தைய ஆண்டுகளில் இடையிடையே தயங்க வேண்டியிருக்கும். பாதி வெளிறிய விதை, இரண்டு ஒட்டிக்கொண்டு சப்பையான விதை, ஓடு மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் இல்லாத விதை என்று ஏதாவது ஒன்று வரும். அவள் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பாள். இம்முறை அப்படி ஒன்றும் வரவில்லை. என் கை பழகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

பதினாறாம் தேதி எடைகளைக் கட்டம்போட்ட தாளில் வரைந்தேன். கணினி வரைந்து தரும். ஆனால் முதல் வரைபடத்தைக் கையால் வரைவது எங்கள் வழக்கம். முந்தைய ஐந்து ஆண்டுகளின் வரைபடங்களும் ஏறக்குறைய ஒரே உருவம் கொண்டவை. நடுவில் ஒரு மேடு. கனமான விதைகள் இருக்கும் வலப்பக்கம் அது சட்டென்று இறங்கும். லேசான விதைகள் இருக்கும் இடப்பக்கம் நீண்டு, மெல்ல மெல்லத் தேய்ந்து இறங்கும். பழனி மலையை மேற்கிலிருந்து பார்ப்பவருக்கு இது புரியும்: தெற்கே பெரியகுளம் பக்கம் மலை செங்குத்தாக விழுகிறது, வடக்கே பழனி நோக்கிச் சரிந்து சரிந்து போகிறது. கனம் தெற்கு, லேசு வடக்கு. அந்த வடசரிவில்தான் சூம்பல்களும் சொத்தைகளும் கிடக்கும். அவளுடைய கேள்வி முழுவதும் அந்தச் சரிவைப் பற்றியது. வறண்ட ஆண்டில் அது இன்னும் நீளும் என்பது அவள் ஊகம்; மேடு முழுவதுமே வடக்கே நகரும் என்பது என் ஊகம்.

இவ்வாண்டு வடசரிவே இல்லை. மேடு இருபுறமும் செங்குத்தாக நின்றது. அதுவும் தெற்கே நகர்ந்திருந்தது. மழையில்லாத ஆண்டில், முன் எப்போதையும்விடக் கனமான, ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான விதைகள்.

இருவர் ஊகமும் பொய்த்த நிலையில் எனக்குள் ஏற்பட்டது ஏமாற்றம் அல்ல, ஒருவகைக் கிளர்ச்சி. அன்று மாலைக்குள் விளக்கம் தயாராகிவிட்டது. நீர் குறைந்த ஆண்டில் மரம் வலுவற்ற காய்களைப் பிஞ்சிலேயே உதிர்த்துவிடுகிறது. எஞ்சிய சில காய்களுக்குத் தன் உணவு முழுவதையும் கொடுக்கிறது. ஆகவே விதைகள் குறைவாகவும் கனமாகவும் சீராகவும் அமைகின்றன. ஒரு பக்கம் முழுவதும் எழுதினேன். நடை நன்றாக இருந்தது. மரம் தன் துயரக் காலத்தில் சிக்கனமாக நடந்துகொள்கிறது என்ற கருத்து எனக்குப் பிடித்துப்போயிற்று. அவளிடம் காட்ட வேண்டும் என்று தாளை மடித்தேன்.

மடித்த பிறகு அதை மேடையில் வைத்துவிட்டு, அவள் என்ன கேட்டிருப்பாள் என்று எண்ணிப் பார்த்தேன். விளக்கம் சரியாக இருந்தால் சரிவு குறுகலாம். ஒரு சூம்பல்கூட இல்லாமல் போகுமா? பூச்சி எந்த ஆண்டும் ஓய்வு எடுப்பதில்லை. துளை விழுந்த விதை ஒன்றாவது இருக்க வேண்டுமே? பையில் மீதியிருந்த விதைகளைத் தட்டில் பரப்பிப் பார்த்தேன். துளை இல்லை. கீறல் இல்லை. எல்லாம் ஒரே சிவப்பு. அவள் தந்தையின் செம்புப் பெட்டியை நான் பார்த்ததில்லை. ஆனால் அதைத் திறந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

*

வில்பட்டியைச் சேர்ந்த வாடகை வண்டிக்காரர் ஒருவர் எங்களைப் பல ஆண்டுகளாக அழைத்துப்போய் வருகிறார். விதைப் பையைப் பாச்சலூரிலிருந்து கொண்டுவந்தவரும் அவரே. பதினெட்டாம் தேதி விடிந்ததும் வந்துவிட்டார்.

“வெள்ளனே கெளம்பினது நல்லதாப் போச்சு சார். டூரிஸ்ட் வேன் ஏறுறதுக்கு முந்தி பெருமாள்மலையத் தாண்டிட்டா, அப்புறம் பண்ணைக்காடு வரைக்கும் ரோடு நம்மளோடது.”

பண்ணைக்காட்டில் தேநீர் குடித்தோம். தாண்டிக்குடியைக் கடந்ததும் அவர் தானாகவே பேச்சை எடுத்தார்.

“போன தடவ அந்தப் பையக் குடுக்கையில அந்த அக்கா ஒரே கண்டிசன் சார். டிக்கியில போடாதீங்க, சீட்டுல வச்சுக் கொண்டு போங்கன்னு. கால் படாம பாத்துக்கங்கன்னு வேற. என்னக்கா, உள்ள சாமியா இருக்குன்னேன். அதுக்கு மொறச்சாங்க பாருங்க. நான் சீட் பெல்ட்டே போட்டு விட்டுட்டேன்.”

“பைக்கா?”

“ஆமா சார். வளைவுல உருண்டா யாரு பதில் சொல்றது?”

பொறுக்கி எடுத்த பை என்று இதுவரை எண்களில் தெரிந்தது அப்போது வேறு விதமாகத் தெரிந்தது. மீதி வழியில் நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். அவரும் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தார்.

தோட்டத்தில் எலுமிச்சை பறிப்பு முடிந்திருந்தது. இலைகள் தூசு படிந்து சுருண்டிருந்தன. அந்தப் பெண்மணி மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றார். என்னைக் கண்டதும் முந்தானையை எடுத்துச் செருகிக்கொண்டு வந்தார். “மெலிஞ்சிட்டீங்க சார்” என்றார். வீட்டுக்குள் போய் மோர் கொண்டுவந்தார். அவருடைய கணவர் கயிற்றுக் கட்டிலை நிழலுக்கு இழுத்துப் போட்டார்.

நான் சொற்களைத் தேர்ந்து கேட்டேன்.

“விதை ரொம்ப நல்லா இருந்தது. ஒண்ணுல கூட ஒரு குறை இல்ல. எப்படி எடுத்தீங்க?”

அவர் பதில் சொல்வதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

“அதை ஏன் கேக்குறீங்க. நாலஞ்சு நாளு சொளகப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டா. தோட்டத்துச் சோலி அம்புட்டும் என் தலையில. ‘ஏ புள்ள, சோத்துல கல்லு கெடக்கு, அத இப்படிப் பொறுக்க மாட்டியா’ன்னேன். ‘சோத்த நீதான திங்கிற, கல்லு கெடந்தா என்ன’ங்கிறா.”

“சும்மா கெடங்க” என்றார் அந்தப் பெண்மணி. “அம்மாவுக்குப் போறது சார். அதுல போயி சொத்தையப் போடவா?”

“அம்மா இருந்தப்ப எல்லாத்தையும் போடணும்னு சொல்வாங்களே.”

“அது அம்மா இருக்கையில. அவுக கேட்டாக, நான் போட்டேன். அவுகளுக்கு அது ஒரு வெளாட்டு. எனக்குந்தான். இப்ப அவுகளுக்கே போறதுல்ல? செத்தவுகளுக்கு வைக்கிற வெத்தலையில ஒரு ஓட்ட இருந்தா வைப்பாகளா சார்? வாழப்பழத்துல கறுப்பு இருந்தாலே ஒதுக்கிருவோம். நீங்க போன்ல சொன்னீங்க, அம்மாவுக்காக இந்த வருசமும் எடுத்து வைங்கன்னு. அவுக பேருல நடப்போறீங்கன்னு நெனச்சேன். நல்லதா நட்டாத்தான நல்லா வரும்.”

நான் தொலைபேசியில் அப்படித்தான் சொல்லியிருந்தேன். திண்டுக்கல்லில் ஓர் அலுவலகத்தின் மாடிப்படியில் நின்றுகொண்டு பேசியது. அதற்கு மேல் விளக்கம் சொல்லும் நிலையில் அன்று நான் இல்லை. தேவை என்றும் தோன்றவில்லை. விதி அவருக்குத் தெரியும். இருக்கிறவருக்கு ஒரு விதி, இறந்தவருக்கு வேறு விதி என்பது எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

“தள்ளினதெல்லாம் எங்கே போட்டீங்க?”

“எங்க போட? மரத்தடியிலதான். அதுகளும் மண்ணுக்குப் போகட்டும்னு. அதுக்கப்புறம் கோழி கெளறிப் போட்டுச்சு.”

மூவருமாகக் கல்வேலி ஓரமாக நடந்து மரத்தடிக்குப் போனோம். சருகை விலக்கினால் எங்கும் சிவப்பு. சூம்பல்களும் இருந்தன, வெளிறியவையும் இருந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தேன். இவ்வாண்டு விழுந்ததா, மூன்றாண்டுக்கு முன் விழுந்ததா என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. மஞ்சாடி விதையின் ஓடு மிகக் கடினமானது. நீர் புகாது, நிறம் எளிதில் மங்காது, ஆண்டுக்கணக்கில் மண்ணில் அப்படியே கிடக்கும். ஐந்து ஆண்டுகளாக டம்ளரில் வராதவற்றை நாங்களே இங்கே கொட்டியிருக்கிறோம். அவையும் இவையும் கலந்து கிடந்தன. ஒதுக்கியவற்றை எடுத்து ஒதுக்காதவற்றோடு சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று வண்டியில் வரும்போது கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அந்தக் கணக்கு அங்கே முடிந்தது.

அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து விரைவாக நாலைந்து சூம்பல்களைப் பொறுக்கி என் முன் நீட்டினார்.

“இதுவும் வேணுமா சார்? அம்மா கேக்குற மாதிரியே கேக்குறீங்க. தப்புப் பண்ணிட்டேனா?”

“இல்லை” என்றேன். “நீங்க கொடுத்த விதை நல்ல விதை.”

அது உண்மை. அவர் நீட்டிய சூம்பல்களையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் கை காலியானதும் மறுபடியும் கேட்டார்.

“எப்ப நடுறீங்க?”

நடும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. கொடைக்கானல் குளிரில் மஞ்சாடி வளராது. எங்களிடம் வேறு நிலமும் இல்லை. ஆனால் அவர் பல நாள் முறத்தின் முன் உட்கார்ந்தது அந்தக் கேள்வியை நம்பித்தான்.

“மழை வரட்டும்” என்றேன். “இங்கேயே ஓரிடம் காட்டுங்க.”

“அந்தா, ஓடைக்கு இந்தப் பக்கம் சும்மாதான கெடக்கு” என்றார் கணவர். “மொதலாளிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருவோம். வேணாம்னு சொல்ல மாட்டாரு. சொன்னா இவ விடமாட்டா.”

நான் கிளம்பும்போதுதான் மேலே பார்த்தேன். உச்சிக் கிளைகளில் காய்கள் இன்னும் பச்சையாகவே கொஞ்சம் இருந்தன. பின்பருவக் காய்கள். அவை முழு மரத்துக்கும் பிரதிநிதிகள் ஆகா. தாமதமாக முற்றுபவை வேறு வகையாக இருக்கலாம். ஆனால் மூன்றாம் பருவத்தில், வேறு ஏதோ ஐயத்தின் பேரில், பின்காய்களின் விதைகளை அவள் தனியாக எடுத்து எடை போட்டிருந்தாள். அது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு பருவத்தோடு மட்டும் ஒப்பிடலாம். அவள் கேட்ட கேள்விக்கு அது முழு விடை ஆகாது. ஒரு மூலையை மட்டும் தொடும்.

அதை அவர்களிடம் சொன்னேன். படுதா விரிக்க வேண்டும், விழுந்தது எல்லாம் வேண்டும், நானே வந்து எடுப்பேன் என்றேன். பெண்மணி மேலே கிளைகளைப் பார்த்தார்.

“சொத்தையுமா?”

“சொத்தையும்தான்.”

“அப்ப இது அம்மாவுக்குப் போறதில்ல. அம்மாவோட வெளாட்டு.”

“ஆமாம்.”

“அப்படின்னா சரி” என்றார். “காய் வெடிச்சதும் போன் போடுறேன். கங்காணி நீங்கதான்.”

*

திரும்பி வந்த மறுநாள் எழுதிய விளக்கத்தை எடுத்துப் படித்தேன். நடை இப்போதும் நன்றாகவே இருந்தது. கிழித்துவிட்டேன். எடைகளை அழிக்கவில்லை. அவை பிழையான எண்கள் அல்ல. ஒரு பெண்மணி தேர்ந்தெடுத்த விதைகளின் சரியான எடைகள். முந்தைய ஆண்டுகளின் சராசரியைவிட அவை எவ்வளவு கூடுதல் என்றும் கணக்கிட்டேன். மிகச் சிறிய அளவுதான். அந்தக் கூடுதல் எடை மரத்தினுடையது அல்ல. அது எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதைக் குறிக்க எங்கள் அட்டவணையில் இடம் இல்லை. ஆறாம் பருவத்தின் கட்டத்தை வெறுமையாக விட்டேன். தெரியாத இடத்தை வெறுமையாக விட வேண்டும் என்பதும் அவள் வகுத்த விதியே. சுழியம் என்பது ஓர் அளவு, வெறுமை வேறு என்று மாணவர்களிடம் அவள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைப் புள்ளியியல் வகுப்பில் நான் சொல்லியிருக்க வேண்டும்.

சட்டைப் பையிலிருந்த சூம்பல்களை முட்டை அட்டையின் ஓரத்துக் குழிகளில் வைத்திருக்கிறேன். எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்று தெரியாததால் அவற்றுக்கு எண் கொடுக்கவில்லை.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

உச்சிக் கிளைக் காய்கள் வெடித்ததும் பாச்சலூர் செல்வது. டம்ளரை எடுத்துப்போவது.

மூன்றாம் பருவத்தின் பின்காய் எடைகளைத் தேடி எடுத்து, ஒப்பிட ஏற்றபடி அமைப்பது.

பையிலுள்ள விதைகளின் மேலோட்டை நடுவதற்கு முன் உரசித் தேய்ப்பது. இல்லையென்றால் முளைக்க ஆண்டுகள் ஆகும்.

ஓடைக்கரை நிலத்துக்காகத் தோட்ட உரிமையாளரிடம் பேசுவது.

சமையலறை மேடைத் தராசைச் சரிபார்ப்பது.

எடை போடும் காலைகளில் எண்ணைத் திருப்பிச் சொல்ல ஒருவரைக் கேட்பது.